பிள்ளைக்கு சீலியாக், நிதி திரட்ட நீங்கள் ஓடப் போகிறீர்கள்: எதை முதலில் செய்வது?

என் மகளுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் (கோதுமை போன்றவை சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) உறுதியானது. அடுத்த வருடம் டிசம்பரில் கோயம்புத்தூரில் 10 கிலோமீட்டர் ஓடினேன். 61 பேர் சேர்ந்து 1,42,300 ரூபாய் கொடுத்தார்கள். பரிசோதனைக்கு வசதியில்லாத குழந்தைகளின் செலவுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது.

நடுவில் மூன்று மாதம் வீணானது. பணம் தந்த இருவர் ரசீது விஷயத்தில் என்மேல் வருத்தப்பட்டார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், "எல்லார்கிட்டயும் ஏம்மா சொன்னே?" என்று அழுதாள். பணம் யார் கணக்கில் போகும், பிள்ளையைப் பற்றி எவ்வளவு வெளியே சொல்வது என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் இறங்கிவிட்டேன். எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் வந்தது. இவற்றோடு பார்த்தால் ஓடுவது சுலபம்.

எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஈரோடு, திருப்பூர், கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற பெற்றோரை நினைத்து இதை எழுதுகிறேன். டிசம்பர் ஓட்டம் என்றால் ஜூனிலேயே தொடங்குங்கள். ஆறு மாதம் தேவை.

1. நோய் உறுதியான ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்பரப்பைத் தாக்குகிறது. அதுதான் சீலியாக். இது ஒவ்வாமை அல்ல, வயிற்றுக் கோளாறும் அல்ல. இதைச் சரியாக்கும் மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றே வழி.

வட இந்தியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்றும், தென்னிந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்றும் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நம் பக்கம் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கும் முதல் ஒன்றரை வருடம் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐஜிஏ என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்புப் பொருள், சிலருக்கு அதுவே குறைவாக இருக்கும். அப்படியானால் நோய் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வந்துவிடலாம். அடுத்தது எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது), சிறுகுடல் பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது). டிடிஜி மிக அதிகமாக இருக்கும் சில குழந்தைகளுக்கு பயாப்ஸி இல்லாமலே உறுதி செய்வதும் உண்டு. அதைக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதில் நான் விழுந்த குழியில் நீங்கள் விழாதீர்கள். சந்தேகம் வந்த உடனே வீட்டில் கோதுமையை நிறுத்திவிட்டேன். குளூட்டன் உள்ளே போகாவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடலாம். திரும்பவும் ஆறு வாரம் தினமும் சப்பாத்தியும் ரொட்டியும் கொடுத்து, அதற்கப்புறம் எடுக்க வேண்டியதாயிற்று. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே கொடுத்த அந்த ஆறு வாரம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. எல்லாப் பரிசோதனையும் முடியும் வரை சாப்பாட்டை மாற்றாதீர்கள்.

நீங்கள் அணுகும் அறக்கட்டளை இந்த ரிப்போர்ட்டைக் கேட்கலாம். இரண்டு நகல் எடுத்து வைத்திருங்கள். அவர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

2. ஓடுவதற்கு முன்னால் உங்கள் ரத்தத்தையும் பாருங்கள்

சீலியாக் குடும்பத்தில் ஓடும் நோய். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் வரை இருக்கலாம் என்கிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ரத்தசோகையாக மட்டும் காட்டுவதும் உண்டு. அதனால் அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லோருக்கும் ஒரு முறை டிடிஜி எடுங்கள். எனக்கு இல்லை என்று வந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓடியிருந்தால் இரண்டாம் வாரமே படுத்திருப்பேன். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு 11.6 வந்த பிறகுதான் தூரத்தைக் கூட்டினேன்.

35 வயதைத் தாண்டியவர்கள் ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது.

3. பிள்ளையிடம் கேளுங்கள்

நான் கேட்கவில்லை. மகள் படத்தைப் போட்டு, நோயின் பெயரைப் போட்டு, சொந்தக்காரர்கள் குழுவில் அனுப்பினேன். இரண்டே நாளில் அது பள்ளிப் பெற்றோர் குழுவுக்குப் போய்விட்டது. வகுப்பில் ஒரு பையன், "உன்னைத் தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டிருக்கிறான்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். அவள் சொன்னது மூன்றே மூன்று. படம் வேண்டாம். பெயர் வேண்டாம். 'பாவம்' என்று எழுதக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லாமல் போயிற்று என்பதில் இன்னும் வருத்தம்தான். பழைய செய்தியை அழித்துவிட்டு, என் படத்தோடு புதிதாக எழுதினேன். பணம் ஒன்றும் குறையவில்லை.

பள்ளியின் பெயர், ஊர், ரிப்போர்ட்டின் போட்டோ, மருத்துவமனை எண் எதையும் போடாதீர்கள். ஒரு முறை வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது. வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே பேசி, இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

4. பணம் யார் கணக்கில் போகிறது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரு ரூபாய் கேட்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

எதற்காகத் திரட்டுகிறீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா, பாருங்கள். 'சீலியாக் விழிப்புணர்வுக்காக' என்றால் யாருக்கும் புரியாது. 'வசதியில்லாத குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, உணவு ஆலோசனை' என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். உங்கள் பிள்ளையின் சொந்தச் செலவுக்காக என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது தவறே இல்லை. பொதுக் காரியம் மாதிரிச் சொல்லிவிட்டுச் சொந்தச் செலவுக்கு எடுப்பதுதான் தவறு.

அடுத்து, உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். ஜிபே எண்ணைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கில் வரும். வரி ஒரு பக்கம் இருக்கட்டும். 'அவங்க கணக்குக்குத்தான் போச்சு' என்ற ஒரு பேச்சு ஊரில் கிளம்பினால் அதை எந்த ரசீதாலும் அடக்க முடியாது.

அதனால் பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையோ, குழந்தைகள் மருத்துவமனையோடு இணைந்த ஏழை நோயாளிகள் நிதியோ தேடுங்கள். சீலியாக்குக்கென்றே டெல்லியில் சீலியாக் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற அமைப்பு இருக்கிறது. பணம் நம் பக்கத்துக் குழந்தைகளுக்கே போக வேண்டும் என்று நினைத்ததால் நாங்கள் உள்ளூரில் தேடினோம்.

அவர்களிடம் நேரில் போய் வாங்க வேண்டியவை: அறக்கட்டளையின் பான் எண், 12ஏபி பதிவு (அறக்கட்டளைக்கான வருமானவரிப் பதிவு), 80ஜி சான்று (பணம் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்க வேண்டியது), வங்கிக் கணக்கு விவரம், உங்கள் ஓட்டத்தில் வரும் பணத்தை எதற்குச் செலவு செய்வார்கள் என்று லெட்டர்பேடில் ஒரு கடிதம். கடைசியாகச் சொன்ன கடிதத்தை யாரும் தானாகத் தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் பணம் அவர்களுடைய பொது நிதியில் கலந்துவிடும். சீலியாக் குழந்தை ஒருவருக்குக்கூடப் போகாமல் கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கவும் போகலாம்.

80ஜி சான்றில் எந்த வருடம் வரை செல்லும் என்று இருக்கும். அந்தத் தேதியைப் படியுங்கள். நான் முதலில் பேசிய அறக்கட்டளை 80ஜி உண்டு என்று வாயால் சொன்னது. நம்பி 23,000 ரூபாய் வரை வாங்கிக் கொடுத்துவிட்டேன். பணம் கொடுத்த இருவர் ரசீது கேட்டபோதுதான் 80ஜியைப் புதுப்பிக்காமல் விட்டது தெரிந்தது. என்மேல் வருத்தப்பட்ட இருவர் அவர்கள்தான். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. வருமானவரித் துறையின் இணையதளத்தில் அறக்கட்டளையின் பெயரை நாமே தேடிப் பார்க்கலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் மூன்று மாதத்தை விட்டேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் வந்துவிட்டதால் சான்றில் பிரிவு எண் வேறாக இருக்கலாம். ஆடிட்டரிடம் 80ஜி என்றே கேளுங்கள், புரியும்.

பணம் தருகிறவர்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. தனியார் அறக்கட்டளைகளுக்குப் பெரும்பாலும் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. 'முழுசாத் திரும்பி வந்துரும்' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்திலும் கவனம். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும். பெரும்பாலான சின்ன அறக்கட்டளைகளுக்கு அது இருக்காது. எங்கள் மாமா 500 டாலர் அனுப்பத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் முடிந்தது.

இணையவழி நிதி திரட்டும் தளங்கள் வழியாகவும் செய்யலாம். நூறு ரூபாய் வந்தால் எவ்வளவு கைக்கு வரும் என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். சில தளங்களில் பணம் கட்டும் பக்கத்தில் 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்து நிற்கும். வயதானவர்கள் கவனிக்காமல் கட்டிவிடுவார்கள். நாங்கள் தளமே வேண்டாம் என்று, அறக்கட்டளையின் கியூஆர் கோடை நேராக அனுப்பினோம். 61 பேருக்கு அது போதும்.

இதற்கெல்லாம் ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஜூலை முடிவதற்குள் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

5. எந்த ஓட்டம், எப்போது பதிவு

கோயம்புத்தூர் மாரத்தான் பெரும்பாலும் டிசம்பரில் நடக்கிறது. 2013-ல் தொடங்கியது. அது கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடத்தப்படும் ஓட்டம் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் கட்டும் பதிவுக் கட்டணம் அந்தக் காரியத்துக்குப் போகிறது, உங்கள் சீலியாக் நிதிக்கு வராது. 'நீங்கள் பதிவு செய்தாலே என் மகளுக்கு உதவி' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எந்த ஓட்டமானாலும், உங்கள் காரியத்தின் பெயர் போட்ட பனியன் போடலாமா, தட்டி பிடிக்கலாமா என்று அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பனியன் என்றால் பொதுவாகச் சரி என்பார்கள். நடக்கும் இடத்தில் உண்டியல் குலுக்கக் கூடாது.

ஈரோட்டிலும் திருப்பூரிலும்கூட அவ்வப்போது 5, 10 கிலோமீட்டர் ஓட்டங்கள் நடக்கின்றன. முதல் தடவை ஓடுகிறவர்களுக்கு 5 தாராளம். 21 கிலோமீட்டருக்குப் போனால்தான் பணம் வரும் என்பது வெறும் எண்ணம். தூரத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

பதிவுக்குத் தேவை ஆதார் போல ஓர் அடையாள அட்டை, அவசரத் தொடர்பு எண், பனியன் அளவு. சீக்கிரம் பதிந்தால் கட்டணம் குறையும். கட்டிய பணம் திரும்பாது, பெயரையும் பெரும்பாலும் மாற்ற விட மாட்டார்கள். அதனால் ஒரு மாதம் ஓடிப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

6. பயிற்சி

வாரத்துக்கு மூன்று நாள் போதும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி இருபத்தைந்து நிமிடம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமாக. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்து ஓடுங்கள். பதினாறு வாரத்தில் 10 கிலோமீட்டர் வந்துவிடும்.

இடம் முக்கியம். கோவையில் இருப்பவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், விடியற்காலை ஐந்து மணிக்கே ஆள் நடமாட்டம் இருக்கும். ஈரோட்டில் வ.உ.சி. பூங்கா மைதானம். நான் ஓடியது கீழ்பவானி வாய்க்கால் கரையில். மண் பாதை முட்டிக்கு நல்லது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு கரை வழுக்கும், புல்லுக்குள் பாம்பு இருக்கும். அதனால் வெளிச்சம் வந்த பிறகு, இன்னொருவரோடு போங்கள். நான் என் நங்கையாளை (அண்ணியை) கூட்டிக்கொண்டேன். அவர் நடப்பார், நான் ஓடிப் போய்த் திரும்பி வருவேன். பைபாஸ் ஓரம் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் வருவார்கள்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை ஒரு வாரத்தைத் தின்றுவிடும். விட்டுப்போனதை அடுத்த வாரம் சேர்த்து ஓடினால் காலில் அடி விழும். விட்டது விட்டதுதான்.

செலவில் பெரியது ஷூ. 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும். ஓட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி ஓடிப் பழக்கிவிடுங்கள். பனியனில் பருத்தி வேண்டாம். வேர்வையில் ஊறி அக்குளிலும் தொடையிலும் உரசிப் புண்ணாக்கும். பாலியஸ்டர் டிரைஃபிட் எடுங்கள். திருப்பூரில் தெரிந்த யூனிட் இருந்தால், எஞ்சிய துணியில் முப்பது உருப்படி அச்சோடு ஒன்று 180 ரூபாய்க்கு முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு கம்பெனி முதலாளி இலவசமாகவே தந்தார். அவருக்கு நன்கொடை ரசீது பொருந்தாது என்பதை அப்போதே சொல்லிவிட்டேன், ஏனென்றால் பொருளாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது.

7. சாப்பாடு

உங்களுக்கு சீலியாக் இல்லாவிட்டாலும் பயிற்சிக்காக வாங்குவது எல்லாம் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். எனர்ஜி பார், மால்ட் பானம், ஓட்ஸ் எல்லாம் நான் வாங்கி வைத்தேன். மகள் ஒரு பாரை எடுத்துத் தின்று இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கலாம். பொட்டலத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வார்த்தை இல்லாத எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

நம் பக்கத்துச் சாப்பாடு ஓடுகிறவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஓடப் போகும்முன் ஒரு வாழைப்பழம். வந்ததும் கம்மங்கூழோ, ராகிக் களியோ, சந்தகையோ (இடியாப்பம் மாதிரி). நீளமாக ஓடும் நாளில் கடலை மிட்டாய் நான்கு துண்டு. முந்தின ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம். இதையெல்லாம் பிள்ளையும் சாப்பிடலாம், இரண்டு விஷயம் சரியாக இருந்தால்.

ஒன்று, மாவு மில். கோதுமை அரைத்த கல்லிலேயே ராகியையும் கம்பையும் கொட்டி அரைத்தால் அது குளூட்டன் இல்லாத மாவு அல்ல. இதை எங்கள் மில்காரருக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. "ஏனுங் அம்மிணி, சப்பாத்தி தின்னா ஒரு நோவா? நாங்கெல்லாம் தின்னுட்டுத்தான இருக்கறோம்?" என்றார். காலையில் முதல் ஆளாகப் போனாலும் கல்லில் முந்தின நாள் மாவு இருக்கும். கடைசியில் வீட்டுக்கே சின்ன மில் வாங்கினோம். 15,000 ரூபாய்க்கு மேல் ஆனது. முடியாதவர்கள் மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம்.

இரண்டு, பெருங்காயம். கடையில் கூட்டுப் பெருங்காயம் என்று வருவதில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ந்திருக்கும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஹோட்டல் இட்லியில் பயம் குறைவு, சாம்பாரில்தான் பயம். புரோட்டா போட்ட கல்லிலேயே ஊற்றும் தோசையும் ஆகாது.

8. பணம் கேட்பது

செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் போதும். அதற்கு முன்பே கேட்டால் மறந்துவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் கேட்காதீர்கள், எல்லார் கையிலும் செலவு நெருக்கும். போனஸ் வந்து, தீபாவளி முடிந்த பிறகு எங்களுக்குப் பாதிப் பணம் வந்தது.

நான் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

'வணக்கம். எங்கள் குழந்தைக்கு சீலியாக் என்ற நோய் இருக்கிறது. கோதுமை சேர்ந்த எதையும் ஆயுசுக்கும் சாப்பிட முடியாது. சரியான சாப்பாடு கொடுத்ததில் இப்போது நன்றாக இருக்கிறாள். இந்த நோய் இருப்பதே தெரியாமல் மெலிந்துபோகும் குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்ய டிசம்பரில் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். பணம் நேராக அறக்கட்டளைக் கணக்குக்குப் போகும், என் கைக்கு வராது. கடிதமும் கியூஆர் கோடும் கீழே. பணம் அனுப்பினால் பெயர், முகவரி, பான் எண்ணை அறக்கட்டளைக்கு அனுப்புங்கள், ரசீது வரும். முடியாவிட்டாலும் பரவாயில்லை.'

'உயிருக்குப் போராடும் குழந்தை' என்றெல்லாம் எழுதாதீர்கள். அது உண்மை அல்ல. உங்கள் பிள்ளையும் ஒரு நாள் அதைப் படிக்கும்.

குழுவில் போடுவதைவிட ஒவ்வொருவராகப் போன் செய்வதில்தான் பணம் வந்தது. எங்கள் அப்புச்சி (தாத்தா), நோம்பிக்கு (பண்டிகைக்கு) வந்தவர்களிடமெல்லாம் பேத்தியின் பெயரைச் சொல்லாமல் பேசிப் பேசியே பதினோரு பேரைச் சேர்த்தார். கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் பணம் (பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய பணம்) கேட்கப் போவதானால், அறக்கட்டளைக்கு அதைப் பெறத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகள் பல அந்தச் சட்ட வரம்புக்குள் வராதவை. முதலாளியிடம் தனிப்பட்ட முறையில் கேட்பதே சுலபம்.

உங்கள் ஷூ, பதிவு, போக்குவரத்துச் செலவை நன்கொடையிலிருந்து எடுக்காதீர்கள். எனக்கு ஷூ 3,400, பரிசோதனை 2,600, பதிவு 1,000, போக்குவரத்தும் சில்லறையும் 900, ஆக மொத்தம் 7,900 ரூபாய் கையிலிருந்து போனது. அதையும் செய்தியில் சொன்னேன்.

9. ஓட்டத்துக்கு முந்தின நாளும் அந்த நாளும்

பிப் எனப்படும் எண் அட்டையை முந்தின நாளே நேரில் போய் வாங்க வேண்டியிருக்கும். பதிவு உறுதிச் செய்தி, அடையாள அட்டை இரண்டும் கொண்டுபோங்கள். வெளியூர்க்காரர்களுக்கு விடியுமுன் தொடங்கும் இடத்துக்கு வர பஸ் கிடைக்காது. கோவையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைக்கு வேண்டிய பாத்திரமும் சாப்பாடும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

ஓடி முடித்ததும் தரும் காலை உணவில் ரவை உப்புமாவும் கேசரியும் இருக்கும். பிள்ளை அருகிலேயே நிற்கும், பரிமாறுகிறவர்கள் ஆசையாகத் தட்டை நீட்டுவார்கள். நாங்கள் தூக்குப்போசியில் இட்லியும் நிலக்கடலைச் சட்னியும் கொண்டுபோயிருந்தோம். மகள் எனக்கும் சேர்த்துப் போட்டு வைத்திருந்தாள்.

புது ஷூ, புது பனியன், புதுச் சாப்பாடு எதையும் அன்றைக்கு முயற்சி செய்யாதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் கூட்டம் இழுக்கும், அந்த வேகத்தில் போகாதீர்கள். எனக்கு 1 மணி 24 நிமிடம் ஆனது. ஏழாவது கிலோமீட்டரில் நடந்தேன். நடக்கலாம், தப்பில்லை.

10. ஓட்டம் முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் மொத்தத் தொகையை எல்லோருக்கும் எழுதுங்கள். கொடுத்தவர்கள் பெயரையும், அவரவர் தொகையையும் பட்டியலாகப் போட வேண்டாம். 200 ரூபாய் கொடுத்தவர் கூச்சப்படுவார்.

அறக்கட்டளை உடனே தருவது ரசீது. வரிக் கணக்குக்கு வேண்டியது நன்கொடைச் சான்றிதழ். எங்கள் முறை அது 10பிஇ என்ற படிவமாக, நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் வந்தது. டிசம்பரில் கொடுத்தவர்கள் ஜனவரியிலேயே கேட்கத் தொடங்குவார்கள், இந்தத் தேதியை முதலிலேயே சொல்லிவைத்தால் போன் வராது. பான் போன்ற அடையாள எண் தராதவர்களுக்குச் சான்றிதழ் வராது. பிப்ரவரியில் ஒரு முறை அறக்கட்டளைக்குப் போய், பெயர்களையும் பான் எண்களையும் அவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பட்டியலில் நான்கு எண்கள் தப்பாக ஏறியிருந்தன.

ஆறு மாதம் கழித்து, எத்தனை குழந்தைகளுக்கு என்ன செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எங்களுக்கு வந்த கடிதத்தில் 38 பேருக்கு ரத்தப் பரிசோதனை, 5 பேருக்கு எண்டோஸ்கோப்பி, 3 பேருக்கு சீலியாக் உறுதி என்று இருந்தது. அந்தக் கடிதத்தை 61 பேருக்கும் அனுப்பினேன். அந்த மூன்று வீட்டுக்கும் மாவு மில்லையும் பெருங்காயத்தையும் பற்றி ஒரு தாளில் எழுதி, அறக்கட்டளை வழியாகக் கொடுத்துவிட்டோம். அதில் பாதியை எழுதியது என் மகள்.